அளவுக்காரர் ஏன் கையெழுத்துப் போட்டார்

என் சம்பந்தியை எல்லாரும் அளவுக்காரர் என்றுதான் சொல்வார்கள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் எண்ணெய் டிப்போ இருக்கிறது. உள்ளே நாலு மாடி உயரத்துக்கு வெள்ளை வெள்ளையாக டேங்குகள். காலையில் ஏணியில் ஏறி, மேல் மூடியைத் திறந்து, இரும்பு டேப்பை உள்ளே இறக்கி, எண்ணெய் எத்தனை அடி நிற்கிறது என்று பார்த்து எழுதுவதுதான் அவர் வேலை. டேப் நுனியில் ஒரு பித்தளைக் குண்டு இருக்கும். இரும்புக் குண்டு என்றால் எங்காவது இடித்துப் பொறி பறந்துவிடும், அதனால் பித்தளை. குண்டு தரையைத் தொட்டது அவர் விரலுக்குத் தெரியும். முப்பத்தோரு வருஷமாக அந்த விரல் ஒரு தடவைகூடத் தப்புச் சொன்னதில்லையாம். இதை அவர் சொல்லவில்லை. மாப்பிள்ளைதான் சொல்லிச் சொல்லி என் காதைப் புளிக்க வைத்தார்.

நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். படிப்பு அவ்வளவாக இல்லை. ஆனால் இருபத்திரண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஒரு கீறல் இல்லாமல் கொண்டுபோய் விடுவேன். என் விரலைப் பற்றி யாரும் பெருமை பேசியது கிடையாது.

எங்கள் ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பேத்தி. பிறந்தபோது பட்டாணி மாதிரி இருந்தாள். அதனால் நான் பட்டாணி என்று கூப்பிடுவேன். அவளை முதல் தடவை பார்த்த அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. வேனை எடுத்துக்கொண்டு போகிற வழியெல்லாம் யார் கண்ணில் பட்டாலும் நிறுத்திச் சொன்னேன். போக்குவரத்துப் போலீஸ்காரரிடம்கூடச் சொன்னேன். "சரி சரி, வண்டிய எடு" என்றார்.

இந்தக் கதை நடந்தபோது அவளுக்கு மூன்று மாசம் முடியப் போகிற நேரம். இந்த மூன்று மாசத்தில் நான் கண்ட ஒரு விஷயம், என் கையில் கொடுத்தால் அவள் அழுவாள். அளவுக்காரர் கையில் கொடுத்தால் அழமாட்டாள்.

அவர் குழந்தையை எல்லாரையும் போலத் தோளில் போடமாட்டார். முழங்கை மடிப்பில் அவள் தலை, கை நீளத்துக்கு அவள் வயிறு, ரெண்டு பக்கமும் கால் தொங்கும். மரக்கிளையில் பூனைக்குட்டி படுத்திருக்கிற மாதிரி. அப்படியே அறைக்குள் நடப்பார். அவள் கண் சொருகிவிடும். நானும் அதே மாதிரி செய்து பார்த்தேன். பூனைக்குட்டி புலிக்குட்டி ஆகிவிட்டது.

"அப்பா, விடுங்க. மாமா வந்ததும் தூங்கிடுவா" என்பாள் என் மகள். அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

மகளும் மாப்பிள்ளையும் இருக்கிற வாடகை வீடு, டிப்போவுக்கும் என் வீட்டுக்கும் நடுவில். அவருக்கு ரெண்டு மணிக்கு வேலை முடியும். நான் சின்ன வகுப்புப் பிள்ளைகளை இறக்கிவிட்டு ரெண்டு மணிக்கு டிப்போ வாசல் வழியாகத்தான் வருவேன். டிப்போவுக்குள் பீடி, தீப்பெட்டி, போன் எதுவும் போகாது. எல்லாவற்றையும் வாசலில் காவல்காரரிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். கொஞ்ச நாளாக ஒன்று கவனித்தேன். வேலை முடிந்ததும் அந்த ஆள் டேங்குப் பக்கத்திலிருந்து வாசலுக்கு ஓட்டமாக ஓடி வருவார். அறுபது வயசு ஆள். நடையில் நிதானமான ஆள். எதற்கு ஓடுகிறார்? எனக்கு முன்னால் போய்ப் பேத்தியைத் தூக்கத்தான். எனக்கு உடனே மூக்கில் வேர்த்துவிட்டது. ஆக்சிலேட்டரில் காலை வைத்து அழுத்துவேன். அவர் வாசலில் போனை வாங்கிப் பார்த்துக்கொண்டு நிற்கிற நேரத்தில் நான் முந்திவிடுவேன். முந்தி என்ன? அவள் அழுவாள். அவர் பின்னால் வந்து வாங்கிக்கொள்வார்.

இந்தச் சமயத்தில்தான் சண்டைப் பேச்சு வந்தது.

எண்ணெய்க் கப்பல்கள் எல்லாம் ஒரு குறுகலான கடல் வழியாக வரவேண்டுமாம். அதை இன்னொரு தேசத்துக்காரர்கள் மறித்துக்கொண்டார்கள். உள்ளே போன கப்பல் வெளியே வரமுடியாது. நம் அரசாங்கம் போர்க் கப்பலை அனுப்பலாமா, வேண்டாமா என்று டிவியில் நாள் முழுக்கக் கத்தினார்கள். பெட்ரோல் பங்கில் ஒரு வண்டிக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் டீசல் என்று பலகை மாட்டிவிட்டார்கள்.

டிப்போக்காரர்கள், கப்பலை அனுப்பு, வழியைத் திற என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். வழி அடைத்தே கிடந்தால் டேங்க் காயும், டேங்க் காய்ந்தால் அவர்களை வீட்டுக்கு அனுப்புவார்கள். வண்டிக்காரர்கள் நாங்கள், சண்டை வேண்டாம் என்று ஒரு தாள் எடுத்தோம். சண்டை வந்தால் டீசல் இன்னும் ஏறும், கிடைக்கிறதும் கிடைக்காது. எங்கள் தாளை எடுத்துக்கொண்டு அலைந்தது நான்தான்.

டீக்கடைக்காரர் ரெண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஏன்யா, ரெண்டு பேருக்கும் ஒரே எண்ணெய்தான வேணும்? ஒருத்தன் அடிச்சா வரும்ங்கிறான். ஒருத்தன் அடிக்காட்டி வரும்ங்கிறான். இதுல சமாதானம் எங்க இருக்கு, தேசம் எங்க இருக்கு?"

"உயிர் போகுதுங்க. பிள்ளைங்க சாவுது. அதுக்காகத்தான் வேண்டாங்கிறோம்" என்றேன்.

"அப்படியா? போன தடவ எங்கயோ சண்டை நடந்தப்ப டீசல் ஏறல. நீ இதே பெஞ்சில உக்காந்து, போடு இன்னும் ரெண்டு குண்டுன்னு சொன்ன. நான் டீ ஆத்திக்கிட்டே கேட்டுக்கிட்டுதான இருந்தேன்."

கடையில் எல்லாரும் சிரித்தார்கள். நான் தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

டிப்போத் தாளில் மூன்றாவது கையெழுத்து அளவுக்காரருடையது. அதைப் பார்த்ததும் எனக்கு வந்தது கோபமா என்றால், இல்லை, சந்தோஷம். மாட்டினார் மனுஷன் என்று நினைத்தேன். ஏனென்றால் எங்கள் ரெண்டு பேருக்கும் நடுவில் வேறொரு வழக்கு நடந்துகொண்டிருந்தது.

மகள் ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கிற வேலை பார்க்கிறாள். திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பவேண்டும். பகலில் குழந்தை யார் வீட்டில் இருப்பது? என் வீட்டில் என் சம்சாரம் தையல் மிஷினோடு இருக்கிறாள், நடுநடுவே நான் வந்துவிடுவேன். அளவுக்காரருக்கு மாசக் கடைசியில் ஓய்வு. சேர்த்து வைத்த லீவைப் போட்டு, அதே திங்கட்கிழமையிலிருந்து வீட்டில்தான் இருக்கப் போகிறார். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் உட்கார்ந்து முடிவு செய்வதாகப் பேச்சு.

குழந்தை என் கையில் தூங்கினால் நான் ஜெயித்தேன். அது ஒன்றுதான் எனக்கு வேண்டும்.

ஒரு நாள் மகள் தலைவலி என்று படுத்திருந்தாள். அளவுக்காரர் இன்னும் வரவில்லை. பட்டாணி கத்துகிற கத்தலில் ஜன்னல் அதிர்ந்தது. அவளை வேனுக்குத் தூக்கிக்கொண்டு போய், டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, சும்மா சாவியைத் திருப்பினேன். இஞ்சின் உறுமி அடங்கி ஓட ஆரம்பித்தது. சீட் நடுங்கியது. அவளும் என் மடியில் சேர்ந்து நடுங்கினாள். ஒரு நிமிஷம் திகைத்துப் பார்த்தாள். அப்புறம் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிவிட்டாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. என் மடியில் முதல் தடவை தூங்குகிறாள். இஞ்சினை நிறுத்தினேன், விழித்தாள். போட்டேன், தூங்கினாள். ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அளவுக்காரர் வந்து கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

"தூங்கிட்டாளா சம்பந்தி?"

"பின்ன? தாத்தா மடியில்ல!" என்றேன்.

அதிலிருந்து தினமும் ரெண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை வண்டியை நிறுத்தி வைத்து இஞ்சினை ஓட்டினேன். டீசல் இல்லை, சண்டை வேண்டாம் என்று காலையில் கையெழுத்து வாங்குகிறேன். மத்தியானம் நின்ற வண்டியில் டீசலை எரிக்கிறேன். அது எனக்கு அப்போது ஒன்றும் உறைக்கவில்லை. அளவுக்காரர் வெறும் மடியோடு வாசற்படியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குத் தூக்கம் வருகிற மாதிரி சுகமாக இருக்கும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வண்டி பாலத்து மேல் நின்றுவிட்டது. டீசல் சொட்டு இல்லை. பெரிய வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தன. பங்கில் என் பங்கை அன்றைக்குக் காலையிலேயே வாங்கியாகிவிட்டது. இன்னொரு தடவை கேட்டதற்கு, "என்ன தாத்தா, குடிக்கிறீங்களா?" என்றான் பங்க் ஆள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மகள் வீட்டில் உட்கார்ந்தோம். நான், என் சம்சாரம், மகள், மாப்பிள்ளை, அளவுக்காரர். குழந்தை அவர் கையில் பூனைக்குட்டி மாதிரி படுத்திருந்தாள்.

மகள் என்னைப் பார்த்துத்தான் ஆரம்பித்தாள்.

"அப்பா, வெள்ளிக்கிழமை வண்டி ஏன் நின்னுச்சு?"

"டீசல் கிடைக்கல. ஊருக்கே இல்ல."

"ஊருக்கே கிடைச்சது. நீங்க வண்டிய ஓடாம ஓட விட்டுருக்கீங்க. குழந்தைய மடியில வெச்சுக்கிட்டு. அந்தப் புகையில."

"புகை பின்னாலதான போகுது! நாங்க முன்னாலதான இருந்தோம்."

என் சம்சாரம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். எனக்குத் தெரியும், சிரிக்கிறாள். மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். வழக்கு கையை விட்டுப் போகிறது என்று தெரிந்தது. தெரிந்ததும் எனக்கு நாக்கில் சனி ஏறியது.

"சரி, நான் தப்புப் பண்ணேன். டீசல எரிச்சேன். ஆனா ஒண்ணு. நான் எவன் வீட்டுப் பிள்ளையையும் சாகச் சொல்லி எழுதிக் குடுக்கல. இதோ உக்காந்திருக்காரே, டிப்போத் தாள்ல மூணாவது பேரு. எண்ணெய் வரணும், டேங்க் நிறையணும், அதுக்குச் சண்டை போடுன்னு போட்ட கையெழுத்து. அந்தக் கையிலதான் என் பேத்தி படுத்திருக்கா."

"அப்பா!" என்றாள் மகள்.

அளவுக்காரர் குழந்தையின் முதுகில் வைத்திருந்த கையை ஒரு தடவை பார்த்தார். எழுந்து போய் அவளை மகளிடம் கொடுத்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"ஆமா சம்பந்தி. எண்ணெய்க்காகத்தான் போட்டேன். சின்னவன் அந்த எண்ணெய் மேலதான் உக்காந்திருக்கான்."

அவருடைய சின்ன மகன் கப்பலில் வேலை பார்க்கிறான் என்பது எங்களுக்குத் தெரியும். எந்தக் கப்பல் என்று நாங்கள் கேட்டதில்லை. எண்ணெய்க் கப்பலாம். மறித்துக்கொண்ட அந்த வழிக்கு உள்பக்கம் நங்கூரம் போட்டு நிற்கிறதாம்.

"எத்தனை நாளா மாமா?" என்று கேட்டாள் மகள்.

"பத்தொம்போது நாள்."

"எனக்கு ஏன் சொல்லல?"

"பச்ச உடம்பும்மா. பால் குடுக்கிறவ. சொல்லி என்ன பண்ண? பெரியவன்கிட்டயும், உனக்குச் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தேன்."

மாப்பிள்ளை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மொதல்ல தினம் பேசினான். இப்ப போன் கிடைச்சாத்தான். நாலு நாளா அதுவும் இல்ல. வேலைக்குப் போனா போன வாசல்ல குடுத்துட்டு டேங்க் மேல ஏறிடணும். அவன் கூப்பிட்டா எனக்குத் தெரியாது. ரெண்டு மணி எப்படா ஆகும்னு இருக்கும். ஆனதும் ஓடுவேன். காவல்காரன் என்னப் பாத்தாலே, வரல அண்ணேன்னுடுவான்."

அவர் வாசலுக்கு ஓடியது எதற்கு என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த ஓட்டத்தை முந்துவதற்கு நான் பத்தொன்பது நாளும் வண்டியை விரட்டியிருக்கிறேன். வாசற்படியில் அவர் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துச் சுகப்பட்டிருக்கிறேன். எனக்கு உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை.

"அவங்கம்மா போனப்ப அவனுக்கு அம்பது நாள்" என்றார் அளவுக்காரர். "தோள்ல போட்டா நிக்கமாட்டான். இப்படிக் கையில போட்டாத்தான் நிப்பான். ஒத்தக் கையில அவன், ஒத்தக் கையில அடுப்பு. அப்படிப் பழகுன கை இது. பாப்பாவுக்கு அது ஒத்துக்கிச்சு. நான் ஒண்ணும் மாயம் பண்ணல சம்பந்தி."

ஏதாவது நல்ல வார்த்தை சொல்லவேண்டும் என்று எனக்குத் தவிப்பு. வாயைத் திறந்தால் வந்தது வேறு.

"போர்க் கப்பல் போனா சும்மாவா வருவான்? சுடுவான். மறிச்சவனும் சுடுவான். நடுவுல உங்க பையன்தான நிக்கிறான்?"

"போகலன்னா அவன் அங்கயேதான நிக்கிறான்?"

"நிக்கிறது உசுரோட நிக்கிறான்ல?"

"குடிதண்ணி எத்தனை நாளைக்கு வரும்?"

மூன்று வாரமாக ஊரெல்லாம் சண்டையைப் பற்றிப் பேசினேன். சண்டையைப் பற்றி நிஜமாகவே நினைத்துப் பேசியது அந்த நாலு வார்த்தைதான்.

"டிப்போவுல எல்லாரும் உங்கள மாதிரித்தான் போட்டாங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல. பாதிப் பேரு வேல போயிடும்னு போட்டான். சில பேரு மேலதிகாரி பக்கத்துல நின்னாருன்னு போட்டான். நீங்க சொன்ன மாதிரி டேங்க் நிறையணும்னு போட்டவனும் உண்டு. ஒருத்தன், பேனா நல்லா எழுதுதேன்னு போட்டான்." அவர் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்து போனது. "நீங்க எதுக்குப் போட்டீங்க சம்பந்தி? டீசலுக்கா, பிள்ளைங்க சாகுதுன்னா?"

என் சம்சாரம் முந்திக்கொண்டாள்.

"டீசலும் இல்ல, பிள்ளைங்களும் இல்ல அண்ணே. இவரு தாள எடுத்துக்கிட்டு அலைய ஆரம்பிச்சதே உங்க பேர அந்தத் தாள்ல பாத்த அன்னைக்கிருந்துதான். அதுவரைக்கும் ஒத்த ஆள்கிட்டக் கையெழுத்து வாங்கல. நீங்க சண்ட வேண்டாம்னு போட்டிருந்தா, இந்நேரம் இவரே துப்பாக்கிய எடுத்துக்கிட்டுக் கிளம்பியிருப்பாரு."

"ஏய், சும்மா இரு" என்றேன்.

"நான் எங்க சும்மா இருக்கிறது? மூணு மாசமா வீட்ல உங்க புலம்பலக் கேக்கிறவ நான்தான? 'அவன் கையில மட்டும் ஏன் அழமாட்டேங்கிறா, அவன் கையில மட்டும் ஏன் அழமாட்டேங்கிறா.' தையல் மிஷின் சத்தமே தேவல."

அளவுக்காரர் என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் திட்டவில்லை. "எனக்கும் அந்த வேன் தூக்கத்தப் பாத்துக் கொஞ்சம் பொறாமதான்" என்றார். அது என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னதா, நிஜமா என்று இன்றைக்கு வரைக்கும் தெரியவில்லை. நிஜமாக இருக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "பாப்பா பகல்ல மாமா வீட்லதான் இருப்பா. அப்பா, நீங்க கோவிச்சுக்கக்கூடாது. அவரு தனியா அந்தப் போனப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கக்கூடாது. நீங்க காலைல அவளக் கொண்டுபோய் விடுங்க, மத்தியானம் வந்து பாருங்க. இஞ்சின் போடாம."

நான் தலையாட்டினேன். தலைதான் ஆடியது. உள்ளே எரிந்துகொண்டுதான் இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலமே எங்கள் தாளை வண்டிக்காரர் சங்கத்தில் கொடுத்துவிட்டேன். என் பேரை அடிக்கவில்லை. சுடுகிற இடத்தில் தெரிந்த ஒரு பையன் நிற்கிறான், அங்கே யாரும் சுடவேண்டாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. அளவுக்காரரும் தன் பேரை அடிக்கவில்லை. கையெழுத்துப் பழசுதான். என் காரணம்தான் ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்ந்தது.

திங்கட்கிழமை காலை பள்ளிக்கூடச் சுற்று முடித்து, வண்டியை மகள் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுப் பட்டாணியை நடந்தே அவர் வீட்டுக்குத் தூக்கிப் போனேன். டிப்போவுக்குப் பின்னால் வரிசை வீடுகளில் கடைசி வீடு அவருடையது. ரெண்டு அறை. தரை துடைத்து ஈரமாக இருந்தது. கொடியில் குழந்தைத் துணிகள் அளந்து போட்ட மாதிரி வரிசையாகத் தொங்கின. வெந்நீர், துண்டு, பால் புட்டி எல்லாம் எட்டுகிற தூரத்தில் வைத்திருந்தார். குறை கண்டுபிடிக்கலாம் என்று சுற்றுமுற்றும் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

வழியெல்லாம் அழுத குழந்தையை வாங்கிக் கையில் போட்டார். அடங்கிவிட்டாள். எனக்குப் பழைய எரிச்சல் அப்படியே வந்தது. ஒரு ராத்திரியில் போகிற சமாசாரமா அது?

"உக்காருங்க சம்பந்தி. டீ போடவா?"

"வேண்டாம், வண்டி நிக்குது" என்றேன். ஆனால் போகவில்லை. அவர் அறைக்குள் நடந்தார். நான் அவள் காலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போது போன் அடித்தது.

மேஜை மேல் இருந்த போன். ரெண்டு பேரும் அப்படியே நின்றுவிட்டோம். ரெண்டாவது மணி அடித்ததும் அவர் ஒரே எட்டில் வந்து குழந்தையை என் கையில் திணித்தார். எப்படிக் கொடுக்கிறோம், தலை எங்கே, கால் எங்கே, ஒன்றும் பார்க்கவில்லை. போனை எடுத்துக் காதில் வைத்தார்.

"தம்பி? தம்பி, கேக்குதா? வீட்டுக்குள்ள சரியாக் கேக்காது, இரு, இரு, வெச்சிராத, வெளிய வர்றேன்..."

செருப்புப் போடாமல் வெளியே ஓடினார். கடைசி வீட்டுக்குப் பக்கத்துக் காலி இடத்தில் வெயிலில் போய் நின்றார். ஜன்னல் வழியாக அவர் முதுகு தெரிந்தது. "சாப்பிட்டியா?" என்று கேட்டது மட்டும் காதில் விழுந்தது. அப்புறம் அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா, அழுகிறாரா என்று தெரியவில்லை.

பட்டாணி என் கையில் வீல் என்று கத்த ஆரம்பித்தாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நான் ஜன்னலை மெதுவாகச் சாத்தினேன், அவள் சத்தம் அவருக்குக் கேட்கக்கூடாது என்று. கத்தட்டும். என் பேத்தி, என் கையில் கத்துகிறாள். அவளைத் தூக்கிக்கொண்டு அந்த ரெண்டு அறைக்குள் நடந்தேன்.

லைன் அறுந்துவிடக்கூடாது. அந்தப் பையன் நன்றாகப் பேசட்டும். சாப்பிட்டது, தூங்கினது, கப்பலில் தண்ணீர் இருக்கிறதா இல்லையா, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொல்லட்டும். ஒரு மணி நேரம் பேசட்டும் என்று நினைத்தேன். அந்த நினைப்பில் பாதி அந்தப் பையனுக்காக. மீதிப் பாதி எனக்காக.